ஃபைபர் படகில் கறையும் நிறமாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரம் கிடந்த இடத்தில் பெரும்பாலும் ஃபைபர் படகுதான் கிடக்கிறது. மரத்துக்குப் பார்த்த கைவைத்தியம் ஃபைபருக்குச் சரிப்படாது. தூத்துக்குடிப் பக்கம் பல வருடமாக ஃபைபர் வேலை பார்க்கிறேன். உடைசலை ஒட்டுவதை விட, கறையைப் போக்குகிறேன் என்று படகையே தேய்த்துக் கெடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்ததுதான் அதிகம். அவர்கள் கேட்டதையும், வேலையில் இறங்குமுன் கேட்டிருக்க வேண்டியதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

படகு முழுக்க ஃபைபர்தானே? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் என்ன கெட்டுவிடும்?

படகின் வெளிப்பக்கம் பளபளவென்று தெரிவது ஃபைபர் இல்லை. அது ஜெல்கோட், அதாவது நிறம் கலந்த ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூச்சு. அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஐந்து ஜெராக்ஸ் தாளை அடுக்கிப் பிடித்துப் பாருங்கள், அவ்வளவுதான். அதற்குக் கீழே ‘மேட்’ என்கிற கண்ணாடி இழைப் பாயும் ரெசினும். தண்ணீரையும் வெயிலையும் தடுத்து நிறுத்துவது அந்த ஐந்து தாள் கனம்தான். ஒவ்வொரு முறை உப்புத்தாள் போடும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது, திரும்ப வளராது. 80 நம்பர் முரட்டுத் தாளை மெஷினில் மாட்டி ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும், மேட் வெளியே தெரிந்துவிடும்.

அதனால் என் வழக்கம் இதுதான்: முதலில் சோப்பு, அடுத்து கறைக்கு ஏற்ற மருந்து, அதற்கும் மசியாவிட்டால் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை, எதுவுமே முடியாதபோது உப்புத்தாள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

என் படகில் இருப்பது என்ன கறை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். கறை என்று நினைத்ததில் பாதி அழுக்கும் பாசியுமாகப் போய்விடும். மிச்சம் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கறுப்புத் துணி ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் அழுத்தித் துடையுங்கள். துணியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டினால் அது கறையே இல்லை, ஜெல்கோட் வெயிலில் வெந்துவிட்டது. பழுப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அரை எலுமிச்சம்பழத்தை அந்த இடத்தில் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். அந்த வட்டம் மட்டும் வெளுத்தால், இரும்போ இலைதழைச் சாயமோ சேர்ந்த கறை. அதற்கு அமிலம் கேட்கும். எலுமிச்சைக்கு அசையாமல், மண்ணெண்ணெய் நனைத்த துணியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் எண்ணெய், தார், டயர் வகை. இரண்டுக்கும் அசையவில்லை, விரல் வைத்தால் மேடு தட்டுகிறது என்றால் கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) ஒட்டியிருந்த அடிச்சுண்ணாம்பாகவோ, கொப்புளமாகவோ இருக்கலாம். அவற்றைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு கிழிந்த துணியும்தான் செலவு. இதைச் செய்யாமல் கடைக்குப் போய் ஐந்து பாட்டில் வாங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அணியத்தில் (படகின் முன்முனையில்) இரண்டு பக்கமும் மீசை வைத்த மாதிரி பழுப்புக் கறை. சோப்புக்குப் போகவே மாட்டேன் என்கிறது.

அதிகம் வரும் கேள்வி இது. கழிமுகத்திலும் ஆற்று வாயிலும் கட்டிப்போடும் படகுகளில் கண்டிப்பாக இருக்கும். அங்கே தண்ணீரில் இலை, மட்டை, சேறு எல்லாம் ஊறி இறங்கிய சாயம் இருக்கிறது, கரைந்த இரும்பும் இருக்கிறது. படகு ஓடும்போது அணியம் கிழிக்கும் தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டுக் காய்கிறது. ஜெல்கோட்டின் நுண்துளைகளுக்குள் சாயம் இறங்கிவிடுகிறது. அதனால்தான் சோப்புக்கு எட்டவில்லை.

இதற்கு மருந்து ஆக்ஸாலிக் ஆசிட். மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைப் படிகம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இது இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றிவிடுகிறது, ஜெல்கோட்டைத் தொடுவதில்லை.

செய்முறை: பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீர், அதில் சுமார் 50 கிராம் படிகம். தண்ணீரை முதலில் ஊற்றி, படிகத்தை அப்புறம் போடுங்கள். பக்கவாட்டில் ஊற்றினால் வழிந்து மணலுக்குப் போய்விடும், கறையில் நிற்காது. நான் பழைய வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, கரைசலில் முக்கி, கறை மேல் ஒட்டிவிடுவேன். அதன் மேல் பாலிதீன் தாள் ஒன்று. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஒரு ஓரத்தை உரித்துப் பார்த்தால், வேட்டித் துணி மஞ்சளாகியிருக்கும், அடியில் படகு வெள்ளையாக இருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். முழுதும் போகவில்லையென்றால் இன்னொரு முறை ஒட்டுங்கள், தேய்க்க வேண்டாம்.

வெயில் இறங்கிய பிறகு செய்வது நல்லது. கரைசல் படகின் மேலேயே காய்ந்துவிடக் கூடாது. முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு நிறையக் கழுவுங்கள், கடைசி வாளியில் கொஞ்சம் சமையல் சோடா கலந்துகொள்ளலாம்.

ஆக்ஸாலிக் விஷம். அதன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது, காயம்பட்ட கையால் தொடக் கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். மீதியை டீக்கடை டம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வேண்டாம்; பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

ஆக்ஸாலிக் போட்ட பிறகு படகு முழுக்க வெள்ளையாகச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டதே?

கடல் தண்ணீரிலோ உப்புப் போர் தண்ணீரிலோ கழுவியிருப்பீர்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், கடல்தான் பத்தடியில் இருக்கிறதே என்று இரண்டு வாளி மொண்டு வீசினேன். காய்ந்ததும் நீலப் படகு திருநீறு பூசிய மாதிரி நின்றது. படகுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் எளிது. கடல் தண்ணீரில் கால்சியம் நிறைய. அது ஆக்ஸாலிக்கோடு சேர்ந்தால் கால்சியம் ஆக்ஸலேட், தண்ணீரில் கரையாத வெள்ளைப் படிவு. சிறுநீரகக் கல் பெரும்பாலும் எதனால் ஆனதோ அதே சரக்கு. கடினத்தன்மை உள்ள போர் தண்ணீரிலும் இது கொஞ்சம் நடக்கும். கரைப்பதற்கும் கழுவுவதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் இரண்டு டிரம் பிடித்து வைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் இந்த வேலையைத் தொடுகிறேன்.

வந்துவிட்ட படிவு வினிகருக்கு அசையாது. ரப்பிங் காம்பவுண்டைக் கையால் போட்டுத் துடைத்தால் போய்விடும், அது மேலாகத்தான் இருக்கும்.

பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் எல்லாமே போய்விடும் என்கிறார்களே?

போகும். கூடவே போல்ட்டின் பளபளப்பும் போகும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவையும் கரைக்கும், சுண்ணாம்பையும் கரைக்கும், அருகில் இருக்கும் இரும்பு, அலுமினியம், ஸ்டீல் எதையும் விடாது. அதன் புகை பட்டால் பக்கத்தில் வைத்திருக்கும் எஞ்சினும் ஸ்பேனரும்கூடத் துரு பிடிக்கும். கொட்டலசின் அடித்தட்டு ஒன்றுக்காகத்தான் நான் அதைத் தொடுவேன், அதுவும் பத்து மடங்கு தண்ணீர் கலந்து.

ப்ளீச்சிங் போடலாமா?

பாசிக்கும் கறுப்புப் பூஞ்சணத்துக்கும் போடலாம், நீர்க்க. பழுப்புக் கறைக்குப் போடாதீர்கள். அது துருவை எடுக்காது, இன்னும் அழுத்தமாகப் பதித்துவிடும்.

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ப்ளீச்சிங்கும் எந்த ஆசிட்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். படகுக்கு உள்ளே குனிந்துகொண்டு வேலை செய்கிறவருக்கு ஓட நேரம் இருக்காது. ஆக்ஸாலிக்கும் ஆசிட்தான், பொடியாக இருக்கிறது என்பதால் அதற்கு விதிவிலக்கு கிடையாது.

துருக் கோடு. எடுத்தால் பதினைந்து நாளில் மறுபடியும் அதே இடத்தில் வருகிறது.

கோட்டை எடுத்தீர்கள், ஊற்றை எடுக்கவில்லை. கோட்டின் மேல் முனைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு போல்ட்டோ ஸ்குரூவோ, நங்கூரக் கயிறு கட்டும் கொக்கியோ இருக்கும். ஒரு காந்தத்தை அதில் வையுங்கள். கச்சென்று ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் முலாம் பூசிய சாதா இரும்பு. ஒட்டாவிட்டாலும் நிம்மதி கொள்ள முடியாது, ஸ்டெயின்லெஸ் என்று விற்பதில் 304 உண்டு, 316 உண்டு, அதற்கும் கீழே மலிவு ரகங்கள் உண்டு. 316இல் மாலிப்டினம் இரண்டு முதல் மூன்று சதவீதம் சேர்ந்திருக்கும், உப்புத் தண்ணீரில் அது தாக்குப்பிடிப்பது அதனால்தான். காந்தத்தால் 304ஐயும் 316ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது. தலையில் குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள், இல்லாவிட்டால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

இன்னொன்று, நல்ல 316 போல்ட்டும் காற்றுப் புகாத ஈர இடுக்கில் அழுகும். தலை பளபளவென்று இருக்கும், கழற்றினால் நடுக்கழுத்து பென்சில் முனை மாதிரி இளைத்திருக்கும். கழற்றி, துளையை உலர்த்தி, சீலன்ட் நிறைய வைத்துத் திரும்பப் பூட்டினால் கோடு நின்றுவிடும். உள்ளே பிளைவுட் கோர்த்திருக்கும் இடமாக இருந்தால் துளை வழியே தண்ணீர் இறங்கி அது ஊறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். துருக் கோடு நமக்கு அனுப்பும் கடிதம் மாதிரி, படிக்காமல் அழித்துவிடக் கூடாது.

நேற்று சுத்தமாக இருந்த படகில் இன்று காலையில் நூற்றுக்கணக்கில் ஆரஞ்சுப் புள்ளிகள். ஏதாவது நோயா?

பக்கத்தில் யாராவது கிரைண்டர் போட்டார்களா? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். எங்கே பார்த்தாலும் வெல்டிங், கட்டிங். பறக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் சுடச்சுட ஒரு இரும்புத் துகள். அது உங்கள் ஜெல்கோட்டில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும், இரவுப் பனி பட்டதும் துருவாகி மலரும். விரலால் தடவினால் நறநறவென்று தெரியும்.

தேய்த்தால் துகள் உருண்டு கீறல் விழும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், அப்புறம் மேலே சொன்ன ஆக்ஸாலிக் துணி. அடுத்த வருடம் அவர்கள் வேலை தொடங்குமுன் ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிடுங்கள். பாத்திரம் விளக்கும் இரும்பு நாரைப் படகில் போட்டாலும் இதே கதைதான். உடைந்த நார்த்துண்டு ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளி. தேங்காய் நார் தாராளமாகப் போடலாம்.

கொட்டலசைச் சுரண்டிய பிறகு வெள்ளை வட்டம் வட்டமாக நிற்கிறது.

கொட்டலசு தன்னை ஒட்டவைக்கும் பசை பொல்லாதது. ஓட்டை உடைத்தாலும் அடித்தட்டு நிற்கும். முதல் விதி, படகு தண்ணீரிலிருந்து ஏறிய உடனே, ஈரமாக இருக்கும்போதே சுரண்டுங்கள். காய்ந்துவிட்டால் சிமென்ட் ஆகிவிடும். இரும்புச் சுரண்டி வேண்டாம், ஓரம் மழுங்கிய பிளாஸ்டிக் தகடோ கெட்டி மரத்துண்டோ போதும். படுக்கவைத்த மாதிரி பிடித்துத் தள்ளுங்கள். நிமிர்த்திக் குத்தினால் ஜெல்கோட்டில் பிறை பிறையாகப் பள்ளம் விழும், அடுத்த கொட்டலசு அந்தப் பள்ளத்தில்தான் வந்து உட்காரும்.

மிச்ச வட்டத்துக்கு வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் ஒட்டிவையுங்கள். போகாவிட்டால்தான் பத்து மடங்கு நீர்த்த பாத்ரூம் ஆசிட். பழைய டூத் பிரஷால் வட்டத்தின் மேல் மட்டும் தொட்டால் நுரைக்கும், அது சுண்ணாம்பு கரைந்து வாயு வெளியேறுவது. நுரை நின்றதும் கழுவிவிடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, புகை உங்கள் மேல் வராதபடி அந்தப் பக்கம் நின்று செய்யுங்கள்.

எண்ணெய், தார், கறுப்புக் கசடு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவியபோது அங்குள்ள படகுகளின் கதியைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் முழங்கை உயரத்துக்குக் கறுப்பு. அதற்கு முன் 2017 ஜனவரியில் அதே கரைக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கசிந்தது, வாளியால் அள்ளினார்கள். அவ்வளவு பெரிய விபத்து இல்லாவிட்டாலும் எந்தத் துறைமுகத்திலும் டீசல் படலம் மிதக்கத்தான் செய்கிறது, தண்ணீர்க்கோட்டில் கறுப்புப் பட்டையாக ஏறிவிடுகிறது.

எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும். கெட்டியான கறுப்பு என்றால் முதலில் மிஞ்சிப்போன சமையல் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள், இளகிவிடும். காய்ந்த துணியால் வழித்து எடுங்கள். தண்ணீரை இந்தக் கட்டத்தில் விடவே வேண்டாம், பரவும். அடுத்து மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. கடைசியில் பாத்திர சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். மண்ணெண்ணெய்ப் படலத்தை அப்படியே விட்டால் தூசி ஒட்டி மறுபடி கறுக்கும், அதனால் சோப்பைத் தவிர்க்கக் கூடாது. பெட்ரோல் வேண்டாம். கரையில் பீடி பற்றவைக்காத ஆள் யார்?

வழித்த துணிகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டுங்கள். அலையில் வீசினால் நாளைக்கு உங்கள் வலையிலேயே வரும்.

படகு அணையும் ஜெட்டியில் (படகுத்துறையில்) தொங்கும் டயர் உரசிக் கறுப்புக் கோடு.

மண்ணெண்ணெய், அல்லது அசிட்டோன் தொட்ட துணி, துடைத்ததும் கழுவிவிடுங்கள். பெயின்ட் அடித்த படகென்றால் அசிட்டோன் வேண்டாம், பெயின்டும் சேர்ந்து வரும். கறுப்பு போன பிறகும் அடியில் மங்கலாகப் பழுப்பு நின்றால் அது ரப்பரிலிருந்து உள்ளே இறங்கியது. காம்பவுண்ட் போட்டால் குறையும், முழுதும் போகும் என்று சொல்லமாட்டேன். டயருக்குப் பழைய சாக்குத்துணி சுற்றிக் கட்டினால் இந்தக் கேள்வியே வராது.

மீன் ரத்தம், கணவாய் மை?

ஈரமாக இருக்கும்போதே கடல் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டால் ஒன்றுமே இல்லை. மீன் ரத்தத்துக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள், முட்டை வெந்த மாதிரி இறுகிவிடும். கணவாய் மை காய்ந்தால்தான் தொல்லை. அது மெலனின், நம் முடிக்கும் தோலுக்கும் நிறம் தருகிற அதே பொருள். சோப்பில் ஊறவைத்துத் தேய்த்து, மிச்சத்துக்கு நீர்த்த ப்ளீச்சிங் போட்டு, உடனே கழுவுங்கள். அன்றைக்கு ஆசிட் பக்கம் போகாதீர்கள்.

சிவப்புப் படகு ரோஸ் கலருக்கு வந்துவிட்டது. பெயின்ட்தான் அடிக்க வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றுங்கள். ஈரத்தில் பழைய சிவப்பு திரும்பத் தெரிகிறதா? தெரிந்தால் நிறம் அடியில் அப்படியே இருக்கிறது, மேல்தோல்தான் வெயிலில் பொடியாகியிருக்கிறது. அந்தத் தோலை எடுத்தால் போதும். ஈரத்திலும் ரோஸாகவே இருந்தால் நிறமி வெளுத்துவிட்டது, அப்போது பெயின்டைப் பற்றி யோசிக்கலாம்.

வழி: ரப்பிங் காம்பவுண்ட், கம்பளிப் பேட், வேகம் குறைக்கக்கூடிய பஃபிங் மெஷின். இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் சூடேறி ஜெல்கோட் கருகும். மூலையிலும் விளிம்பிலும் பூச்சு இயல்பாகவே மெலிசு, அங்கே கையால்தான். பொடி ரொம்ப ஏறியிருந்தால் மட்டும் 1000 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு 1500, தண்ணீர் விட்டு, கையால், மெதுவாக. வாளித் தண்ணீர் படகின் நிறத்துக்கு மாறுவதைப் பார்ப்பீர்கள். அது உங்கள் ஐந்து தாளில் ஒரு பங்கு. எவ்வளவு போதும் என்று அந்த வாளியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பதிவு எண் எழுதிய இடத்தில் மெஷின் வைத்து எண்ணை அழித்துவிட்டு, கடலில் சோதனையின்போது விழித்தவர்களும் உண்டு. டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.

வாக்ஸ் போட்டால் கறையே வராதா?

வரும், ஆனால் மேலேயே நிற்கும், எளிதாகப் போகும். கார் வாக்ஸ் போதும், தண்ணீர்க்கோட்டுக்கு மேலே மட்டும், வருடத்துக்கு இரண்டு முறை. காம்பவுண்ட் போட்டுவிட்டு வாக்ஸ் போடாமல் விடுவது வீண் வேலை. திறந்த துளைகள் அடுத்த மாதமே மறுபடி நிறைந்துவிடும். சிலிக்கோன் கலந்த பளபளப்பு பாலிஷ்களைத் தவிர்த்துவிடுங்கள். பின்னாளில் பெயின்ட் அடிக்கும்போது மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும்.

வாக்ஸை விடப் பெரிய மருந்து நிழல். ஓலைக் கொட்டகைக்குள் கிடக்கும் படகும் வெட்டவெளியில் கிடக்கும் படகும் ஒரே அச்சில், ஒரே வாரத்தில் எடுத்ததாக இருந்தாலும் ஐந்து வருடத்தில் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது.

கறை மாதிரி வட்டம், ஆனால் புடைத்திருக்கிறது. குத்தினால் தண்ணீர் வருகிறது.

மோந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளித்த நெடி அடித்தால் அது ஆஸ்மாசிஸ் கொப்புளம். எப்போதும் தண்ணீரிலேயே மிதக்கும் படகுகளில், ஜெல்கோட் வழியே மெல்ல மெல்ல ஈரம் உள்ளே போய், அங்கே கரையக்கூடிய பொருளோடு சேர்ந்து திரவமாகி அழுத்துகிறது. தினமும் மணலில் ஏற்றும் படகுகளில் இது அபூர்வம், காய நேரம் கிடைத்துவிடுகிறது. குத்தும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே அழுத்தம் இருக்கும், பீய்ச்சும்.

நாலைந்து என்றால் ஒவ்வொன்றையும் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்சி பட்டி வைத்து மூடலாம். அடி முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தால் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். காயாமல் மூடினால் மூடிய இடத்திலேயே மறுபடி புடைக்கும்.

பாசி, கொட்டலசு வராமல் ஆன்டிஃபவுலிங் பெயின்ட் அடித்துவிடலாமா?

தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்குச் சரி. இப்போது வருபவை பெரும்பாலும் செம்புச் சேர்மம் கலந்தவை. முன்பு டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் போட்டார்கள், நத்தை, சிப்பி வகைகளை அது பாழாக்கியதால் 2008 முதல் உலக ஒப்பந்தப்படி கப்பல்களில் அதற்குத் தடை. தினமும் மணலில் இழுக்கும் படகுக்கு இந்தச் செலவு வேண்டாம். அடிக்கும் பெயின்ட் மணலோடு போய்விடும், அந்தப் படகில் கொட்டலசுக்கு உட்கார நேரமும் கிடையாது.

மரப்படகுக்கும் இதே முறைதானா?

ஒன்று மட்டும் பொருந்தும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அது மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறுப்பு, அந்தக் காலத்தில் மை காய்ச்சிய அதே முறை. ஆக்ஸாலிக் அதைத் துடைத்தெடுத்துவிடும். நன்றாகக் கழுவி, காயவைத்து, பிறகு எண்ணெய் பூசுங்கள். அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் பாத்ரூம் ஆசிட்டையும் காஸ்டிக் சோடாவையும் அதன் கிட்டே கொண்டுபோகாதீர்கள், இரண்டுமே அலுமினியத்தைத் தின்னும்.

எல்லாம் படித்தேன், ஆனால் ஏற்கெனவே தேய்த்து மேட் தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

படகைக் கடலில் இறக்காமல் இருங்கள், அதுதான் முதல் வேலை. திறந்த இழை வழியே தண்ணீர் திரி மாதிரி ஏறும்.

இரண்டு மூன்று நாள் காயவிட்டு, ஓரத்தை 120 தாளால் சரிவாக இழைத்து, அசிட்டோனால் துடையுங்கள். அதே நிற ஜெல்கோட் வாங்கினாலும் பழைய படகோடு ஒத்துப்போகாது, உங்கள் படகு வெளுத்திருக்கும். வெளுத்த பக்கத்தைக் காம்பவுண்ட் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் நிறத்தைக் கலந்து ஒத்துப்பாருங்கள். ஜெல்கோட்டை இறுகவைக்கும் ஹார்டனர் ஒன்று முதல் இரண்டு சதவீதம், டப்பாவில் போட்டிருப்பதற்கு மேல் வேண்டாம். மே மாத உச்சி வெயிலில் கலந்தால் தூரிகையை எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும், காலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கு ஆபத்து. கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

சாதாரண ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுவென்றே நிற்கும், முழுதாக இறுகாது. பூசியதும் அதன் மேல் பாலிதீன் தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளி, சுற்றிலும் டேப் போடுங்கள். மறுநாள் தாளை உரித்து, 600 வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தொடங்கி 1500 வரை போய், காம்பவுண்ட், வாக்ஸ். சுற்றியுள்ள பழைய பூச்சில் தாள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேயும் இப்போது ஐந்து தாள் இல்லை.